நட்புப் பட்டியலை மூடி வையுங்கள்: ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையைப் படிக்கும் முறை

திருச்சியில் சிவில் சர்வீஸ் தேர்வுக்குத் தமிழ் வழியில் தயாராகும் பிள்ளைகளுக்குச் சர்வதேச உறவுகள் பாடம் எடுக்கிறேன். மெயின்ஸ் தேர்வின் பொது அறிவு (ஜி.எஸ்.) இரண்டாம் தாளுக்கென்று ஆளுக்கொரு நோட்டு வைத்திருப்பார்கள். ஒப்பந்தத்தின் பெயர், கையெழுத்தான ஆண்டு, மாநாடு நடந்த ஊர், கூட்டு ராணுவப் பயிற்சியின் பெயர் என்று பக்கம் பக்கமாக இருக்கும். அந்த நாடு எதற்குப் பயப்படுகிறது என்ற ஒரு வரி மட்டும் இருக்காது. அந்த ஒரு வரி இல்லாததால் மற்றவை நினைவில் நிற்பதில்லை. நின்றாலும் கேள்விக்கு விடையாக மாறுவதில்லை.

வகுப்பில் நான் சொல்லித்தரும் முறையை இங்கே எழுதுகிறேன். தேர்வு எழுதாதவர்களுக்கும் செய்தி படிக்க இது உதவும். யார் நண்பன், யார் எதிரி என்று தொடங்காதீர்கள். எது நின்றுபோனால் இந்த நாடு தாங்காது என்று தொடங்குங்கள். நட்பும் பகையும் அதற்குப் பிறகுதான்.

ஒரு நாட்டை வைத்துச் செய்து பார்ப்போம். முதல் பயிற்சிக்கு நான் எப்போதும் சிங்கப்பூரைத்தான் எடுப்பேன். சின்ன நாடு, அதன் கதை முழுவதும் ஒரு நோட்டுக்குள் அடங்கும். பயத்தை மறைக்காமல் வெளியே சொல்லிப் பழகிய நாடு, அதனால் ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. அப்புறம், என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம். மாமாவோ அண்ணனோ அங்கே வேலை பார்த்திருப்பார்கள். அந்த நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1915-ல் பிறந்தவர் என்று சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும்.

ஒரு நோட்டை எடுத்து நான்கு பக்கங்களுக்குத் தலைப்பு போடுங்கள்: தேவை, காயம், செலவு, கசப்பான வாக்கு. கூடவே ஒரு பெரிய வரைபடம் வேண்டும். போன் திரையில் பார்க்கும் படம் போதாது. சுற்றி இருக்கும் நாடுகள் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

வரைபடத்தை முதலில் பாருங்கள்

எதையும் வாசிக்காமல் கொஞ்ச நேரம் படத்தையே பாருங்கள். 1965 ஆகஸ்ட் 9-ம் தேதி மலேசியாவிலிருந்து பிரிந்தபோது சிங்கப்பூரின் பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்துத் தூர்த்து இன்று 730-ஐத் தாண்டியிருக்கிறார்கள். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அளவு புரியும். வடக்கே ஒரு கிலோமீட்டர் நீளப் பாலச் சாலை, அதைத் தாண்டினால் மலேசியாவின் ஜொகூர். தெற்கே கடலுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இந்தோனேசியாவின் பாத்தாம் தீவு.

இப்போது மூன்று கேள்விகளை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். படை பின்வாங்க வேண்டுமென்றால் எங்கே போகும்? இடமே இல்லை. போர் விமானம் மேலே எழும்பித் திரும்ப எவ்வளவு வானம் இருக்கிறது? சில நிமிடங்களில் பக்கத்து நாட்டு வானம் வந்துவிடும். உள்ளே வரும் பொருளில் பெரும்பகுதி எந்த வழியாக வருகிறது? மலேசியாவோடு இணைக்கும் சாலைகள் அல்லது சுற்றியுள்ள கடல்.

இந்த மூன்று விடைகளை எழுதி முடித்தாலே, இனிமேல் படிக்கப்போகும் செய்திகளில் பாதிக்குக் காரணம் கையில் வந்துவிடும். சிங்கப்பூர் விமானிகள் பிரான்சில் காசோ தளத்திலும், அமெரிக்காவில் அரிசோனாவிலும், ஆஸ்திரேலியாவிலும், நம் மேற்கு வங்கத்துக் கலைகுண்டாவிலும் ஏன் பயிற்சி எடுக்கிறார்கள்? சொந்த வானம் போதாது. கலைகுண்டாவை “இந்தியா–சிங்கப்பூர் நல்லுறவு” என்ற தலைப்பின் கீழ் மட்டும் எழுதும் மாணவர் பாதி மதிப்பெண்தான் வாங்குவார். இடமில்லாத நாடு இடம் தேடுகிறது, இடம் கொடுப்பவருக்கும் அதில் ஒரு லாபம் இருக்கிறது என்று எழுதுபவருக்குத்தான் விஷயம் புரிந்திருக்கிறது.

முதல் பக்கம்: தேவை

இந்தப் பக்கத்தில் அவசரப்படாதீர்கள். சிங்கப்பூர் விஷயத்தில் இங்கே எழுத வேண்டிய முதல் சொல் தண்ணீர்.

ஜொகூரோடு 1961-லும் 1962-லும் இரண்டு தண்ணீர் ஒப்பந்தங்கள். இரண்டாவது ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுக்கலாம். விலை ஆயிரம் கேலனுக்கு 3 சென் (மலேசிய ரிங்கிட்டில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்). அது 2061 வரை செல்லும். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் ஆயிரம் கேலன் 50 சென்னுக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. அந்த 3 சென் விலையை மாற்றும் உரிமை இன்னும் இருக்கிறதா என்பதில் இரண்டு நாடுகளுக்கும் இன்றுவரை தகராறு. 2018-ல் மகாதீர் மறுபடி பிரதமரானதும் முதலில் எடுத்த பேச்சுகளில் இதுவும் ஒன்று.

ஒப்பந்தத்தின் எண்களை மட்டும் குறித்துவிட்டுப் போய்விட வேண்டாம். ஒப்பந்தம் முறிந்தால் என்ன ஆகும் என்று அந்த நாடு நினைக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். பிரிவினை நடந்த அந்த வாரத்திலேயே மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் பிரிட்டிஷ் தூதரிடம், சிங்கப்பூரின் வெளியுறவுக் கொள்கை மலேசியாவுக்குக் கெடுதலாகப் போனால் ஜொகூர் தண்ணீரை நிறுத்துவோம் என்று சொல்லி நெருக்கலாம் எனப் பேசியதாக சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ பிற்காலத்தில் எழுதினார். ஒரு நாட்டின் வெளியுறவுக் கொள்கையும் அதன் தண்ணீர்க் குழாயும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. பயம் எங்கிருந்து வந்தது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

அதற்கு சிங்கப்பூர் செய்த காரியங்களை இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். ஒன்று, சட்டம். 1965 பிரிவினை ஒப்பந்தத்திலேயே தண்ணீர் ஒப்பந்தங்களுக்கு உத்தரவாதம் எழுதி வாங்கி, அதை ஐ.நா.வில் பதிவும் செய்தார்கள். இனி தண்ணீரை நிறுத்துவது இரண்டு நீர்வாரியங்களின் தகராறாக இருக்காது, ஒரு நாட்டின் இறையாண்மையை மீறியதாகிவிடும். இரண்டு, மாற்று வழி. மறுசுழற்சி செய்த கழிவுநீர் 2003-ல், துவாஸில் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை 2005-ல், மெரினா தடுப்பணை 2008-ல். 2011-ல் முதல் ஒப்பந்தம் காலாவதியானபோது அதைப் புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்சவில்லை, அந்த நீர்நிலையங்களை ஒப்படைத்துவிட்டு வந்தார்கள்.

எந்த நாட்டைப் படித்தாலும் இந்த இரண்டையும் தேடுங்கள். வாக்குறுதியை எப்படிக் கெட்டியாக்கிக்கொண்டது, வாக்குறுதி பொய்த்தால் வாழ என்ன ஏற்பாடு செய்தது. ஒன்றை மட்டும் செய்யும் நாடு நெருக்கடியில் மாட்டிக்கொள்ளும்.

தண்ணீருக்கு அடுத்து உணவு. 90 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. 2022 ஜூன் 1 முதல் மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியபோது சிங்கப்பூர்க் கோழியில் மூன்றில் ஒரு பங்கு அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கோழிச் சோறு கடைக்காரர் தவிப்பதும் தேசியப் பாதுகாப்புச் செய்திதான், அதையும் இதே பக்கத்தில் எழுதுங்கள். மணலையும் சேருங்கள். நிலத்தை நீட்டும் நாட்டுக்கு மணல் உயிர், 2007-ல் இந்தோனேசியா அதைத் தடை செய்தது.

இரண்டாம் பக்கம்: காயம்

எந்த நாளை ஒரு நாடு பள்ளிப் பிள்ளைகளுக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்கிறது என்று பாருங்கள். சிங்கப்பூரில் பிப்ரவரி 15 முழுமைத் தற்காப்பு நாள். 1942-ல் பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்த தேதி அது. தோற்ற நாளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், அதுவும் தம்மைக் காப்பதாகச் சொன்னவர் தோற்ற நாளை. அந்தப் போரில் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலச் சாலையைத் தகர்த்தபோது ஜொகூரிலிருந்து வந்த தண்ணீர்க் குழாயும் சேர்ந்து அறுந்தது. சரணடைவதற்கு முந்தைய நாட்களில் நகரில் தண்ணீர் தட்டுப்பாடு. முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் இங்கே சேர்வதைப் பாருங்கள்.

அடுத்த காயம் இந்தோனேசியா. மலேசியா உருவானதை எதிர்த்து இந்தோனேசிய அதிபர் சுகர்னோ நடத்திய ‘கன்ஃப்ரண்டாசி’ மோதலில், 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலை மெக்டானல்ட் ஹவுஸில் குண்டு வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். வைத்த இருவரும் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள். அவர்களைத் தூக்கிலிட வேண்டாம் என்று சுகர்னோவுக்குப் பிறகு வந்த சுகார்த்தோவே கேட்டுக்கொண்டார். 1968 அக்டோபரில் சிங்கப்பூர் தூக்கிலிட்டது. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகத்தைக் கும்பல் சூறையாடியது. அதற்குப் பிறகு 1973-ல் லீ குவான் யூ ஜகார்த்தா போனபோது அதே இருவரின் கல்லறைக்குச் சென்று மலர் தூவினார். உறவு அங்கிருந்துதான் சீரானது.

இந்த நிகழ்ச்சியில் வகுப்பு எப்போதும் இரண்டாகப் பிரியும். தூக்கிலிட்டது சரி என்பார்கள் சிலர், மலர் தூவியது வெட்கக்கேடு என்பார்கள் சிலர். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். மரண தண்டனையை நான் ஏற்பவள் இல்லை. ஆனால் ஒரு பெரிய அண்டை நாடு கேட்டதற்காக நீதிமன்றத் தீர்ப்பை மாற்றினால் அடுத்த முறை என்ன கேட்பார்கள் என்ற அவர்களின் அச்சம் உண்மையானது. ஐந்து ஆண்டு கழித்துக் குனிந்து மலர் வைத்ததும் அதே அளவு தேவையான செயல். முதலில் உறுதி, பிறகு மரியாதை. இந்த வரிசை மாறியிருந்தால் இரண்டுக்கும் மதிப்பு இருந்திருக்காது.

2014-ல் இந்தோனேசியா தன் போர்க்கப்பல் ஒன்றுக்கு அந்த இருவரின் பெயரை வைத்தபோது சிங்கப்பூர் கடுமையாக எதிர்த்தது. அரை நூற்றாண்டு ஆகியும் காயம் ஆறவில்லை என்று இந்தப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது காயம் சத்தமில்லாமல் வந்தது. 1968 ஜனவரியில் பிரிட்டன், 1971-க்குள் சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள தளங்களைக் காலி செய்வதாக அறிவித்தது. பிரிட்டிஷ் தளங்களை நம்பித்தான் அன்றைய சிங்கப்பூர்ப் பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இருந்தது. காவலும் போகிறது, வேலையும் போகிறது.

மூன்றாம் பக்கம்: செலவு

தலைவர்கள் பேசுவதைவிட எதற்குப் பணமும் ஆளும் ஒதுக்குகிறார்கள் என்பது தெளிவாகப் பேசும். ராணுவச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்பது ஸ்டாக்ஹோம் நகரிலுள்ள சிப்ரி நிறுவனத்தின் தரவில் நாடுவாரியாக, ஆண்டுவாரியாக இலவசமாகக் கிடைக்கும். சிங்கப்பூர் 3 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. ஒரு ஆண்டு எண்ணை எடுக்காதீர்கள், இருபது ஆண்டு வரிசையாகப் பாருங்கள். பொருளாதாரம் சரிந்த ஆண்டிலும் வெட்டாமல் விடப்பட்ட செலவு எதுவோ, அதைத்தான் அந்த நாடு உண்மையில் நம்புகிறது.

ஆனால் பணம் பாதிதான். 1965-ல் கையில் இருந்தவை இரண்டே காலாட்படைப் பிரிவுகள். 1967-ல் பாதுகாப்பு அமைச்சர் கோ கெங் சுவீ கட்டாயத் தேசிய சேவையைக் கொண்டுவந்தார். பதினெட்டு வயதான ஆண் பிள்ளைகள் இன்றும் இரண்டு ஆண்டு போகிறார்கள், அதன் பிறகும் பல ஆண்டுகள் ஆயத்தப் படையில் அழைப்பு வரும். இதைப் புத்தகத்தில் தேட வேண்டாம், ஊரிலேயே கேட்கலாம். “பி.ஆர். எடுத்தா பையன் ஆர்மிக்குப் போகணுமே” என்று டெல்டா வீடுகளில் நடக்கும் பேச்சு இந்தக் கொள்கையைப் பற்றியதுதான். நிரந்தரவாசம் பெற்ற குடும்பத்துப் பிள்ளைக்கும் அந்தக் கடமை உண்டு. ஒரு அரசின் பயம் ஒரு குடும்பத்தின் முடிவில் போய் நிற்பதை அங்கே காணலாம்.

படையை யார் பயிற்றுவித்தார்கள் என்பதையும் எழுதுங்கள். சிங்கப்பூர் முதலில் கேட்டது இந்தியாவையும் எகிப்தையும். லால் பகதூர் சாஸ்திரியும் நாசரும் வாழ்த்து அனுப்பினார்கள், ராணுவ உதவி வரவில்லை. அதன் பிறகுதான் இஸ்ரேலியர்கள். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள இரண்டு அண்டை நாடுகளுக்கு நடுவில் இதை வெளியே சொல்ல முடியாது, அதனால் அவர்களை ‘மெக்சிகர்கள்’ என்று அழைத்தார்கள்.

இந்தப் பக்கத்தில் இன்னொரு செலவும் வர வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதும் குறிப்பு எனக்குப் பிடிக்காது. பாதுகாப்பு என்ற பெயரில் சொந்த மக்கள் கொடுத்த விலை அது. 1963 பிப்ரவரியில் ‘கோல்ட்ஸ்டோர்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். சியா தை போ என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் 1966-ல் கைதாகி விசாரணையே இல்லாமல் 23 ஆண்டுகள் சிறையில் இருந்தார். பிறகு செந்தோசா தீவில் வைக்கப்பட்டார். எல்லாக் கட்டுப்பாடும் நீங்க 1998 ஆனது. தண்ணீர் பயம் உண்மை, குண்டுவெடிப்பு உண்மை. அவற்றைக் காட்டி ஒரு மனிதரை வழக்கு இல்லாமல் பூட்டிவைத்ததும் உண்மை. எந்த நாட்டைப் படித்தாலும் இந்தப் பத்தியை நிரப்பாமல் பக்கத்தைத் திருப்பாதீர்கள்.

ஒப்பந்தங்களை எண்ணாதீர்கள்

இப்போதுதான் நட்புப் பட்டியலைத் திறக்கலாம். ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பக்கத்தில், இது முதல் மூன்று பக்கங்களில் எந்த வரிக்கு மருந்து என்று எழுதுங்கள்.

1967 ஆகஸ்ட் 8, பாங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான். ராஜரத்தினம் கையெழுத்திட்டார். மோதல் முடிந்த மறு ஆண்டே இந்தோனேசியாவோடு ஒரே மேசையில் உட்கார்ந்தது எந்தக் காயத்துக்கு என்று உங்களுக்கே தெரியும். 1971-ல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியாவோடு ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு. பிரிட்டன் விட்டுப்போன வெற்றிடத்துக்கு அது. அதில் மலேசியாவும் உறுப்பினர் என்பதைக் கவனியுங்கள். பயம் தரும் அண்டை வீட்டாரோடு சேர்ந்தே காவல் போட்டுக்கொள்வது தனிக் கலை.

1990-ல் நடந்த இரண்டு நிகழ்வுகளைச் சேர்த்தே படிக்க வேண்டும். அக்டோபர் 3-ல் சீனாவோடு தூதரக உறவு. நவம்பர் 13-ல் அமெரிக்கப் படை சிங்கப்பூர்த் தளங்களைப் பயன்படுத்த ஒப்பந்தம். இடைவெளி ஆறு வாரம். இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் எழுதி வைத்திருக்கும் பிள்ளைக்கு எதுவும் புலப்படாது. சீனாவோடு உறவுக்கு ஏன் அத்தனை நாள் காத்திருந்தார்கள்? மக்களில் முக்கால்வாசிப் பேர் சீன வம்சம். இது சீனாவின் கிளை நாடு என்று அண்டை நாடுகள் சொல்லிவிடக் கூடாது. அதனால் இந்தோனேசியா சீனாவோடு உறவைப் புதுப்பிக்கும்வரை காத்திருப்போம் என்றார்கள். இந்தோனேசியா அந்த ஆண்டு ஆகஸ்டில் புதுப்பித்தது, அக்டோபரில் சிங்கப்பூர் போனது.

பெரிய நாடுகளுக்கு நடுவில் நிற்பதற்கு விலையும் உண்டு. 1970-கள் முதல் சிங்கப்பூர்ப் படை தைவானில் பயிற்சி எடுக்கிறது. 2016 நவம்பரில், தைவானில் பயிற்சி முடித்துத் திரும்பிய ஒன்பது டெரெக்ஸ் கவச வாகனங்களை ஹாங்காங்கில் பிடித்து வைத்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில்தான் விட்டார்கள். தென் சீனக் கடலில் சீனாவின் உரிமைக் கோரிக்கைக்கு எதிரான தீர்ப்பு வந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம். இந்த மாதிரிச் செய்தி வந்தால் ‘வாகனம் பறிமுதல்’ என்று மட்டும் குறிக்காமல், அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் அந்த நாடு எதைப் பற்றி வாய் திறந்தது என்று பின்னால் போய்ப் பாருங்கள்.

சட்டத்தை ஆயுதமாக வைத்திருப்பதற்கும் ஓர் உதாரணம் வேண்டும். பெட்ரா பிராங்கா என்ற பாறைத் தீவு, அதில் 1851 முதல் ஒரு கலங்கரை விளக்கம். யாருக்குச் சொந்தம் என்று மலேசியாவோடு வழக்கு. 2008 மே 23-ல் சர்வதேச நீதிமன்றம் சிங்கப்பூருக்கு என்றது. பக்கத்துப் பாறைகளான மிடில் ராக்ஸ் மலேசியாவுக்கு. தீர்ப்பில் பெரிய பங்கு வகித்தது 1953-ல் ஜொகூர் அதிகாரி ஒருவர் எழுதிய கடிதம். அந்தப் பாறைக்கு ஜொகூர் உரிமை கோரவில்லை என்று அதில் இருந்தது. ஒரு அலுவலகக் கடிதம் 55 ஆண்டு கழித்து எல்லையைத் தீர்மானித்தது. ஐ.எஃப்.எஸ். (இந்திய வெளியுறவுப் பணி) கனவோடு வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லும் சம்பவம் இது. கோப்பைப் பத்திரமாக வைப்பதும் நாட்டுப் பாதுகாப்புதான்.

நான்காம் பக்கம்: கசப்பான வாக்கு

எதிரிக்கு எதிராக வாக்களிப்பது எளிது, அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. நண்பனுக்கு எதிராகவோ, தனக்கே நஷ்டமாகவோ ஒரு நாடு கை தூக்கிய இடத்தைத் தேடுங்கள். ஐ.நா. மின்னூலகத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் யார் எப்படி வாக்களித்தார்கள் என்பது பதிவாகியிருக்கிறது.

1967 ஜூனில் மேற்காசியப் போர் முடிந்ததும் இஸ்ரேலைக் கண்டிக்கும் தீர்மானம் ஐ.நா.வுக்கு வந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளோடு நிற்க வேண்டும் என்றார் ராஜரத்தினம். பயிற்றுநர்கள் போய்விடுவார்கள், ஆதரிக்கக் கூடாது என்றார் கோ கெங் சுவீ. வாக்கெடுப்பு நடந்து முடிந்தது. இஸ்ரேலியர்கள் போகவில்லை. வெளியுறவு அமைச்சரும் பாதுகாப்பு அமைச்சரும் ஒரே அரசுக்குள் எதிரெதிராக நின்றார்கள். ‘சிங்கப்பூர் நினைத்தது’ என்று ஒற்றை மனம் போல எழுதுவதை இனி நிறுத்துங்கள்.

1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் நுழைந்தது. சிங்கப்பூரும் ஆசியானும் ஐ.நா.வில் விடாமல் எதிர்த்தன. பெரிய அண்டை நாடு சிறிய நாட்டைப் படை கொண்டு மாற்றுவதை ஒருமுறை ஏற்றால் நாளை நமக்கும் அதுதான் என்பது வாதம். வாதம் புரிகிறது. ஆனால் அதன் விளைவாக கம்போடியாவின் ஐ.நா. இருக்கை பல ஆண்டு, வியட்நாம் விரட்டிய கெமர் ரூஜ் கையிலேயே இருந்தது. லட்சக்கணக்கானவர்களைக் கொன்ற ஆட்சி அது. இதை மனசாட்சி உள்ள யாரும் சுலபமாகக் கடந்து போக முடியாது. கொள்கை சரியாக இருந்தும் அதன் பலன் கொடியவர் கைக்குப் போக முடியும்.

அதே கொள்கையை நண்பன் மீதும் வைத்தார்களா? வைத்தார்கள். 1983-ல் அமெரிக்கா கிரெனடாவில் படை இறக்கியபோது அதைக் கண்டித்த பொதுச்சபைத் தீர்மானத்தை 108 நாடுகள் ஆதரித்தன. சிங்கப்பூர் அதில் ஒன்று. இந்த ஒரு வாக்கு இல்லையென்றால் கம்போடியா பற்றிப் பேசியதெல்லாம் வியட்நாம் மீதான கோபம் என்று தள்ளியிருக்கலாம்.

2022 மார்ச் 2-ல் உக்ரைன் தீர்மானம்: ஆதரவு 141, எதிர்ப்பு 5, விலகல் 35. சிங்கப்பூர் ஆதரித்தது, சில நாட்களில் ரஷ்ய வங்கிகள் நான்கின் மீது தடையும் போட்டது. ஆசியானில் வேறு யாரும் தடை போடவில்லை. இந்தியா விலகி நின்றது. வகுப்பில் உடனே “யார் சரி” என்று கேட்பார்கள். அதற்கு முன் இந்தியாவுக்கும் முதல் மூன்று பக்கங்களை எழுதச் சொல்வேன். ராணுவத் தளவாடங்களில் ரஷ்யாவைச் சார்ந்திருப்பது, சீனாவோடு தீராத நீண்ட எல்லை, அன்று உக்ரைனில் சிக்கியிருந்த ஆயிரக்கணக்கான மருத்துவ மாணவர்கள். எழுதி முடித்த பிறகு இந்தியா இன்னும் தெளிவாகக் கண்டித்திருக்கலாம் என்றே நான் நினைக்கிறேன். மறுப்பவர்களும் என் வகுப்பில் இருக்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் இப்போது காரணம் கையில் இருக்கிறது.

சிங்கப்பூருக்குள்ளும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. 2017 ஜூலையில், கத்தாரை அண்டை நாடுகள் முற்றுகையிட்ட சமயம், முன்னாள் தூதர் கிஷோர் மஹ்புபானி சிறிய நாடு சிறிய நாடாகவே நடந்துகொள்ள வேண்டும், பெரிய நாடுகளின் சண்டையில் வாயை மூடிக்கொள்வது நல்லது என்ற பொருளில் எழுதினார். வெளியுறவு அமைச்சின் முன்னாள் செயலர் பிலாஹரி கௌசிகன் கடுமையாக மறுத்தார். அமைச்சர் கா. சண்முகமும் மறுத்தார். ஒரு நாட்டின் கொள்கையை அறிய இப்படியொரு சண்டையைத் தேடிப் படிப்பது பத்து அதிகாரப்பூர்வ அறிக்கைகளுக்குச் சமம். எந்தக் கோட்டில் அவர்கள் பிரிகிறார்கள் என்று பாருங்கள், அதுதான் அந்த நாடு இன்னும் முடிவு செய்யாத கேள்வி.

விடையாக எழுதும்போது

மெயின்ஸில் 250 வார்த்தைதான். நான்கு பக்கத்தையும் கொட்ட முடியாது. முதல் வரியில் தேவை, அடுத்து அதற்குச் சான்றாக ஒரு காயம் அல்லது ஒரு செலவு, பிறகு அந்தத் தேவைக்காகச் செய்த ஒரு ஒப்பந்தம், கடைசியில் அந்தக் கொள்கை இடறிய ஓர் இடம். தண்ணீர், 1942, ஐ.நா.வில் பதிந்த ஒப்பந்தம், இன்னும் தீராத 3 சென் தகராறு. இவ்வளவு போதும். “பன்முக நல்லுறவு”, “வரலாற்றுப் பிணைப்பு” போன்ற சொற்களை எழுதத் தோன்றினால் பேனாவை நிறுத்தி, அந்த இடத்தில் ஓர் எண்ணையோ ஒரு தேதியையோ வையுங்கள். தமிழில் எழுதினால் மதிப்பெண் வராது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூட்டறிக்கைச் சொற்களை மொழிபெயர்த்து எழுதும் விடைக்குத்தான் வராது.

இரண்டாவது நாடாகப் பின்லாந்தை எடுங்கள். ரஷ்யாவோடு 1,340 கிலோமீட்டர் எல்லை, அதிலிருந்து முதல் பக்கம் தொடங்கட்டும். காயத்துக்கு 1939–40 குளிர்காலப் போர். 1948-ல் சோவியத்தோடு செய்த ஒப்பந்தம் எதற்கு மருந்தாக இருந்தது, அது போதாது என்று எப்போது, ஏன் முடிவு செய்து 2023 ஏப்ரல் 4-ல் நேட்டோவில் சேர்ந்தார்கள் என்று நீங்களே கோத்துப் பாருங்கள். மூன்றாம் பக்கத்தில் மட்டும் கவனம் தேவை. அங்கே பெரிய கட்டடம் கட்டுகிறவர் தம் செலவில் மக்கள் பதுங்கறையும் கட்டியாக வேண்டும். அந்தப் பணம் ராணுவ பட்ஜெட்டில் தெரியாது, கட்டடச் சட்டத்தில் போய்த் தேட வேண்டும்.